செட்டிநாட்டு வீட்டில் கலை அருங்காட்சியகம்: சாமான் அறைச் சாவிக்கு அவசரமில்லை

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘பாட்டனார் கட்டிய வீடு பூட்டியே கிடக்கிறது. பங்காளிகள் ஏழு பேரும் கூடிப் பேசி, முகப்பையும் முதல் கட்டையும் இந்த வட்டாரத்துக்கான கலை அருங்காட்சியகமாக ஆக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். சாமான் அறை நிறையப் பொருள் இருக்கிறது. என்ன கண்காட்சி வைக்கலாம்? என்ன வகுப்பு நடத்தலாம்? சுற்றுலா வருகிறவர்கள் போக, உள்ளூர்க்காரர்களும் வந்து போகிற இடமாக்க என்ன வழி?’

ஏழு பங்காளிகளும் ஒரு முடிவுக்கு வந்ததே பெரிய காரியம். அதற்கு முதலில் என் வணக்கம். அரசு அருங்காட்சியகங்களில் 26 வருடம் காப்பாட்சியராக இருந்துவிட்டு, இப்போது காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சாமான் அறையை இப்போதைக்குத் திறக்காதீர்கள். இன்னும் ஆறு மாதம் பூட்டியே இருக்கட்டும். வகுப்பை முதலில் தொடங்குங்கள். கண்காட்சி அதிலிருந்து தானாகப் பிறக்கும்.

காரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடப் பேருந்து வரும், 60 பிள்ளைகள் இறங்குவார்கள், வரிசையாக ஒரு வாசலில் நுழைந்து அரை மணி நேரத்தில் மறு வாசல் வழியாக வெளியே போய்விடுவார்கள். இதை நான் நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை மட்டும் வேறு மாதிரி நடந்தது. முதல் நாள் ஒரு வேளாரை வரவழைத்து, பிள்ளைகளைச் சக்கரத்தில் உட்காரவைத்து மண் பிடிக்கச் சொல்லியிருந்தோம். மறுநாள் அதே பிள்ளைகள் பழைய பானை இருந்த பெட்டிக்கு முன்னால் வந்தார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். நகரவே இல்லை. ‘சார், உள்பக்கம் விரல் ஓடின கோடு இருக்கு சார். என் பானையிலயும் இதே மாதிரி இருந்துச்சு’ என்றாள். எத்தனையோ வருடம் அந்தப் பெட்டியைத் துடைத்தவன் நான். அந்தக் கோட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். கை ஒரு தடவை பழகிவிட்டால்தான் கண் திறக்கிறது. உங்கள் வீட்டிலும் இந்த வரிசையிலேயே எல்லாம் நடக்கட்டும்.

பொருளைப் பரப்பிப் பார்வைக்கு வைப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. கல்யாண வீட்டில் சாமான் பரப்புவதை விடவா பெரிய கண்காட்சி? வெள்ளிப் பாத்திரம், பித்தளைத் தவலை, மங்குச் சாமான், மரவை (மரப் பாத்திரம்), தடுக்கு (ஓலைப் பாய்), கொட்டான் (ஓலைக் கூடை) என்று ஆல்வீடு என்கிற பெரிய கூடம் நிறைய அடுக்கியிருப்பார்கள். வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை. எடுத்துப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், எங்கே வாங்கியது, யார் கொடுத்தது என்று கேட்பார்கள். பக்கத்திலேயே ஓர் ஆச்சி உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். பொருள், அதைத் தெரிந்தவர், கேட்கிறவர் என்று மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததும் நடுவில் இருந்தவர் காணாமல் போய்விட்டார். அவரைத் திரும்பக் கூட்டிவந்து உட்காரவைப்பதுதான் உங்கள் முதல் வேலை.

வகுப்புகளைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் செட்டிநாட்டில் சொல்லிக்கொடுக்க இவ்வளவு இருக்கிறது என்பது இங்கே பிறந்தவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை.

ஆத்தங்குடிக் கல்லில், அதாவது நம் வீட்டுத் தரைகளில் பதிக்கிற பூ வேலைக் கல்லில், தொடங்கலாம். ஆத்தங்குடியில் ஒரு பட்டறைக்காரரிடம் பேசி, அச்சு, கண்ணாடி, இரும்புச் சட்டத்தோடு அவரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சட்டத்துக்குள் கண்ணாடியைப் போட்டு, அதன்மேல் பூ வடிவ அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சின்னக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சைத் தூக்க வேண்டும். கை கொஞ்சம் ஆடினால் சிவப்பு மஞ்சளுக்குள் போய்விடும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, பின்னால் கலவை நிரப்பி மட்டம் தட்டிவிடுவார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் உலர்த்தல். சூளையே கிடையாது. கடைசியில் கண்ணாடி தானாக விட்டுப் பிரியும். அடியில் இருந்த பக்கம்தான் மேல்பக்கம், அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. இது தெரிந்த பிள்ளை அதற்குப் பிறகு தன் பாட்டி வீட்டுத் தரையில் சும்மா நடந்து போகாது, குனிந்து பார்க்கும். ஊற வேண்டும், காய வேண்டும் என்பதால் ஒரே நாளில் முடியாது, மூன்று ஞாயிறு ஒதுக்குங்கள். சிமெண்டுக் குழம்பு தோலைப் புண்ணாக்கும், பிள்ளைகளுக்குக் கையுறை கட்டாயம்.

கொட்டான் முடைவது இன்னொன்று. பனங்குருத்தை வகிர்ந்து, ஈர்க்கு நீக்கி, சாயத்தில் கொதிக்கவிட்டு, காயவைத்து முடைவது. ஒரு காலத்தில் ஆச்சிமார் மத்தியானப் பொழுதில் வளவில், முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், உட்கார்ந்து செய்த வேலை இது. ஏறக்குறைய நின்றே போயிருந்தது. விசாலாட்சி ராமசாமி அவர்கள் தம் அறக்கட்டளை மூலம் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து மீட்டார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இன்று முடைகிறவர்கள் பெரும்பாலும் நகரத்தார் வீட்டுப் பெண்கள் இல்லை, சுற்றுவட்டாரப் பெண்கள். அவர்களையே ஆசிரியராக அமர்த்துங்கள். ‘டீச்சர்’ என்று பிள்ளைகள் கூப்பிடட்டும். சம்பளத்தைப் பொறுத்தவரை ஒன்றைக் கறாராகச் சொல்கிறேன்: கைவேலை சொல்லிக்கொடுக்க வருகிறவருக்கு அன்றைய முழுக் கூலியும் அதற்கு மேலும் கொடுங்கள். பொன்னாடை போர்த்திவிட்டு வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் உங்கள் வீட்டில் வேண்டாம்.

நான் மிகவும் ஆசைப்படுகிற வகுப்பு ஒன்று உண்டு: பழைய கணக்கேடு வாசிப்பது. எந்தச் செட்டிநாட்டு வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் பேரேடும் ஓலையும் இருக்கும். அதில் எண்களெல்லாம் தமிழ் எண்கள். க, உ, ங என்று தொடங்கி, பின்னங்களுக்குத் தனிக் குறியும் பெயரும்: அரை, கால், அரைக்கால், மாகாணி. மா என்றால் 20இல் 1, காணி 80இல் 1, முந்திரி 320இல் 1. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் வட்டிக் கணக்கை மனசிலேயே போட்டது இந்த வாய்பாட்டை வைத்துத்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாலு வாரத்தில் இதை வாசிக்கப் பழக்கிவிடலாம். அதன் பிறகு உங்கள் வீட்டுப் பேரேட்டில் ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கையில் கொடுங்கள். கல்யாணச் செலவோ, கொத்தனார் கூலியோ, கோயில் மகமையோ, எது வந்தாலும் சரி. தன் ஊரின் பழைய கணக்கைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை அந்த ஊரைவிட்டு எங்கே போனாலும் அதை மறக்காது.

நடுவீட்டுக் கோலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற அந்த மாக்கோலத்தை நேர்க்கோடு பிசகாமல் இழுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பு வகுப்பு வைத்தால் அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வருகிற பேத்திகளும் வந்து உட்காருவார்கள். ஓவியம், களிமண் போன்ற பொது வகுப்புகளும் நடத்தலாம், ஆனால் அவற்றை அரசின் சவகர் சிறுவர் மன்றங்கள் ஏற்கனவே நடத்துகின்றன. அங்கே கிடைக்காததில் உங்கள் உழைப்பைப் போடுங்கள்.

இனி கண்காட்சி. நிரந்தரக் கண்காட்சி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கிவிட்டால், ஒரு தடவை பார்த்தவர் இரண்டாம் தடவை வர மாட்டார். நாலு மாதத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். ஒரு கண்காட்சிக்கு 20 பொருள் போதும். 200 வேண்டாம்.

முதலாவதாக எதை வைப்பது என்று என்னைக் கேட்டால், துணி தைத்த சாமி படங்கள் என்பேன். ரவி வர்மா 1894இல் பம்பாய்ப் பக்கம் அச்சுக்கூடம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். நம் பக்கத்து வீடுகளில் அந்தப் படங்களின் மேல் துணியை வெட்டி ஒட்டி, ஜரிகையும் சமிக்கியும் மணியும் வைத்துத் தைத்திருப்பார்கள். முகமும் கையும் மட்டும் அச்சு. உடுத்தியிருப்பது நிஜச் சேலை. ஒரு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள்: முந்தானை மடிப்பு இரண்டு மூன்று அடுக்காக இருக்கும், கழுத்துக்குக் கீழே மணி ஒவ்வொன்றும் ஒற்றை நூலில் தனித்தனியாகக் கட்டியிருக்கும். சட்டத்தின் அடியில் அச்சுக்கூடத்தின் பெயர் இருக்கிறது. தைத்த பெண்ணின் பெயர் எங்கேயும் இல்லை. அந்தப் பெண்களைத் தேடுவதையே கண்காட்சியாக ஆக்குங்கள். ‘உங்கள் வீட்டில் இப்படி ஒரு படம் இருக்கிறதா, தைத்தது யார்?’ என்று ஊரில் கேட்டு, சொல்கிறவர் படத்தோடு வரட்டும்.

அடுத்தது பயணப் பெட்டி. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்களின் பெட்டி, கடிதம், ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதை எந்த ஊரில் கேட்டாலும் கிடைக்கும். முதலாளிகளின் கதை மட்டும் போதாது. அவர்களோடு போன சமையல்காரர், அடுத்தாள் (கடை உதவியாள்), கூலியாள் வீட்டிலும் விசாரியுங்கள். இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு முகப்பில் ஒரு காலத்தில் எல்லோரும் ஏறிவிட முடியாது. திண்ணையோடு நின்றவர்கள் உண்டு, பின்கட்டு வாசல் வழியாக மட்டுமே வந்து போனவர்கள் உண்டு. அந்த நிலைக்கதவைச் செதுக்கிய ஆசாரியின் பேரனும், சுவரைப் பூசிய கொத்தனாரின் பேத்தியும் இன்று அதே முகப்பு வழியாக உள்ளே வந்து, ‘இது எங்க ஐயா வேலை’ என்று தொட்டுக் காட்ட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் வருவார்களா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. தன்னுடையது என்று காட்ட ஏதாவது ஒன்று உள்ளே இருந்தால் மனிதர் வருவார், கூடவே நாலு பேரையும் அழைத்து வருவார்.

விளக்க அட்டைகளையும் அப்படியே எழுதுங்கள். நான் எழுதிய ஓர் அட்டையில் ‘அலங்காரக் கூடை, பனை ஓலை’ என்று போட்டிருந்தேன். ஊரணிக் கரையிலிருந்து நடந்து வந்த ஓர் ஆச்சி அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ‘அலங்காரத்துக்கு யாருப்பா இதை முடைஞ்சா? கல்யாணத்துல பழமும் வெத்தலை பாக்கும் வச்சுக் கையில குடுக்கிற கொட்டான் இது. இத்தனை முடையணும்னு எங்க ஆத்தா எனக்கு எண்ணி வச்சுட்டுப் போனா’ என்றார். அன்றைக்கே அட்டையை எடுத்துவிட்டு, அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதி வைத்தேன். அந்த மூலையில்தான் அதன் பிறகு கூட்டம் நின்றது. பெரிய எழுத்தில், தமிழ் முதலில். யார் செய்தது, யார் வைத்திருந்தது, எப்படி இங்கே வந்தது என்ற மூன்றும் இருந்தால் போதும்.

பாதுகாப்பில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். பணியாற்றிய ஓரிடத்தில் அரக்கும் கறுப்பும் கட்டம் போட்ட பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் தொங்கவிட்டேன். ஏழு மாதம் கழித்து இறக்கியபோது மடிப்புக்குள் இருந்த அரக்கு ஒரு நிறம், வெளியே இருந்தது வேறு நிறம். வெளுத்த சாயம் திரும்பாது. அந்தச் சேலையைக் கொடுத்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தடவிப் பார்த்துவிட்டு மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் அது என் மனதில் இருக்கிறது. துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கிற அலகு) மேல் வெளிச்சம் கூடாது என்பது உலகம் முழுவதும் அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கிற அளவு. முற்றத்து வெயில் அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். ஆகவே முற்றத்தைச் சுற்றிக் கல், மரம், உலோகம். துணியும் படமும் ஓலையும் உள்ளறையில், அதுவும் மூன்று நாலு மாதம்தான். அப்புறம் ஓய்வு.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணாம்பும் கடுக்காய் ஊறலும் கருப்பட்டியும் சேர்த்து, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடக்கூடியது. அதன்மேல் சிமெண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, பொருக்குப் பொருக்காகக் கழன்றுவிடும். திறப்பு விழாவுக்காகப் புதுசாக அடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய பூச்சு தெரிந்த கொத்தனார் ஒருவரைப் பிடித்துப் பழுது பார்க்கச் செய்து, அந்தப் பழுது வேலையையே பெரியவர்களுக்கான வகுப்பாக நடத்துங்கள். வீட்டைப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் சேர்ந்துவிட்டன, ஆனாலும் வீடுகள் இடிந்துகொண்டுதான் இருக்கின்றன. பூசத் தெரிந்த கைகள் பெருகினால் சில வீடுகளாவது நிற்கும்.

சட்டம் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் கடந்த கலைப்பொருளும், 75 வருடம் கடந்த, அறிவுக்கோ வரலாற்றுக்கோ மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் தொல்பொருள்தான். சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. பழம்பொருள் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அழகாக இருக்கிறதே என்று சிலை எதையும் வாங்கிச் சேர்க்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாத எதுவும் உங்கள் வாசலைத் தாண்ட வேண்டாம். ஊர்க்காரர் இரவல் தரும் பொருளுக்குப் போட்டோ ஒட்டிய ரசீது, இருக்கிற கீறல் விரிசல் குறிப்பு, திருப்பித் தரும் தேதி மூன்றும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொன்ன தேதிக்கு முந்தின நாளே கொண்டுபோய்க் கொடுங்கள். நம்பிக்கை வந்துவிட்டால் அடுத்த கண்காட்சிக்குப் பொருள் தேட வேண்டியதே இல்லை.

ஊரோடு சேர்ந்த நிகழ்ச்சிகளில் மிக எளிதும் மிகப் பயனுள்ளதும் போட்டோ நாள். வீட்டில் இருக்கும் பழைய போட்டோ, கல்யாணப் பத்திரிகை, இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தப் பத்திரம் எதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் ஸ்கேன் எடுத்துக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் ஒற்றை ஆளாக ஏறக்குறைய 1 லட்சம் அச்சுப் பொருள்களைச் சேர்த்தவர். நூலும் பத்திரிகையும் மட்டும் இல்லாமல் நோட்டீஸும் அழைப்பிதழும்கூடச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அது நிலைபெற்றது. பத்திரமாக இருக்கிறது, ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது, மகிழ்ச்சி. ஆனால் கோட்டையூர்ப் பிள்ளை ஒன்று நடந்துபோய்ப் பார்க்கிற தூரத்தில் அது இல்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. உங்கள் வீடு அந்தக் குறையில் ஒரு துளியையாவது தீர்க்கட்டும்.

நாட்காட்டியையும் ஊரின் நாட்காட்டியாக வையுங்கள். தையில் பொங்கலும் நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலும் வரும்போது ஊர் நிறைந்திருக்கும், பெரிய கண்காட்சியை அப்போது திறக்கலாம். சா.கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் பங்குனியில் விழா எடுக்கும் நாட்களில் தமிழ் தெரிந்த கூட்டம் காரைக்குடிக்கு வரும், ஓலைச்சுவடியும் கணக்கேடும் அப்போது. மே 18 உலக அருங்காட்சியக நாள் கோடை விடுமுறையில் வருவதால் பிள்ளைகள் செய்த கல்லையும் கொட்டானையும் அன்றைக்குப் பட்டாலைக் கூடத்தில் வையுங்கள். பழைய பொருளுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், பெயர் எழுதி.

கட்டணம்: உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வேண்டாம், வெளியூர்க்காரர்களிடம் வாங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் திறந்தால் போதும், ஆனால் சொன்ன நாளில் திறந்திருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910இல் தொடங்கியது, திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. ஒரு சின்னச் சமஸ்தானம் தன் நிலத்தின் கல், செம்பு, பறவை, ஓவியம் எல்லாவற்றையும் ஒரு கூரைக்கடியில் எப்படிச் சேர்த்தது என்று தெரியும். நம் மாவட்டத்திலேயே கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது, கட்டடமே செட்டிநாட்டுப் பாணி. மூன்றாவது, சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா என்ற கலை அருங்காட்சியகம். 1996இல் மக்களுக்குத் திறந்த அந்த வளாகத்தில் இங்கிருந்து பெயர்த்துக்கொண்டுபோன செட்டிநாட்டு வீடு ஒன்று நிற்கிறது. வீட்டைப் பார்ப்பதோடு நிற்காமல், அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைவினைஞர்கள் வேலை சொல்லித்தரும் முறையையும் அரை நாள் உட்கார்ந்து கவனியுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் ஏழு வீட்டிலும் மூத்த ஆச்சி யார் என்று பாருங்கள். ஒரு கொட்டானையோ மரவையையோ எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள். போனில் பதிவைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வையுங்கள். ‘ஆச்சி, இதை யாரு யாருக்குக் குடுத்தது?’ என்று கேளுங்கள். நடுவில் நிறுத்தினால் அவசரப்படுத்த வேண்டாம், தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார், பிறகு சொல்வார். சாயங்காலம் போங்கள், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள்.